மழை மந்திரவாதியும் ரீ.ஏ. ஐயாவும்

அடுத்த மாதம் எனக்குப் பென்சன். அதைக் கேள்விப்பட்ட கனடாப் பெறாமகள் ஓர் ஆங்கில நாவலை அனுப்பிவிட்டு, "சித்தி, வாசிச்சுப் பாருங்கோ, மனதுக்கு இதமா இருக்கும்" என்று போனில் சொன்னாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். இதமும் இல்லை, மண்ணும் இல்லை. எரிச்சல்தான் வந்தது.

கதை இதுதான். அரண்மனையில் இருந்து நாற்பது வருசம் ஊர் ஊராக மழையைப் பங்கிட்டு அனுப்பிய மந்திரவாதி ஒருவர் ஓய்வுபெற்று, மலையடியில் ஒரு பாழடைந்த வீட்டை வாங்குகிறார். செட்டை முளைத்த குட்டிப் பாம்பொன்று நெருப்புக் கக்கி அவருக்கு அடுப்பு மூட்டிக் கொடுக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் ஊரே பூசணிக்காயும் தேனுமாக வாசலில் நிற்கிறது! காணி ஆருடையது என்று ஒரு விதானை வந்து கேட்கவில்லை. ஒரு மாடு வேலி பாயவில்லை. அதெல்லாம் போகட்டும். "எங்கட ஊருக்கு மட்டும் ஏன் ஐயா மழை வரேல்லை?" என்று அந்த மனிசனைக் கேட்க அங்கே ஒரு நாக்குக்கூட இல்லையா?

புத்தகத்தில் புது மை மணம். எனக்கு அது கடிதங்களைப் படியெடுக்கும் றோனியோ மெசினின் மையைத்தான் நினைவுபடுத்தும். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் சேர்ந்த புதிதில் உடுப்பு, சோறு, கனவு எல்லாவற்றிலும் அந்த மணம் இருந்தது. எந்தக் குளத்துக் கந்தோர் என்று கேட்காதீர்கள், வீண் வம்பு. தண்ணீர் திறப்பதும் மறிப்பதும் அங்கே ரீ.ஏ. ஐயாவின் கையில்; ரீ.ஏ. என்றால் தொழில்நுட்ப உதவியாளர். கதிரைக்குப் பின்னால் வாய்க்கால் படம் தொங்கும். கடைசி வயல்வரைக்கும் அவரே நீலப் பென்சிலால் தண்ணீர் கீறி வைத்திருந்தார்.

கோடையில் சிறுபோகம் வந்தால் கடைசி வயல்காரர் கந்தோர் வாசல் வாங்குப் பலகையில் வந்து குந்துவார்கள். முன்னுக்கு ராசம்மா அக்கா இருப்பா. புருசன் செத்தபிறகு தனியாக வயல் செய்தவ.

"தண்ணி வரேல்லை ஐயா. பயிர் கருகுது."

"படத்திலை ஓடுதுதானே. வரும், போங்கோ."

மேல்வயல்காரர் பம்பு வைத்து இழுப்பது ஐயாவுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் அவர் போனதெல்லாம் மாரியில், வெள்ளம் பார்க்க. கோடையில் வெயில் கூடாதாம். "கடைசி வயல்வரை நீர் சென்றடைந்துள்ளது" என்று முறைப்பாட்டுக்குப் பதில் கடிதம் அவர் சொல்ல, நான் தட்டச்சில் அடிப்பேன். பிறகு அதையே ஸ்டென்சிலில் வெட்டி, பெயருக்கும் வயல் இலக்கத்துக்கும் மட்டும் இடம் விட்டுவைத்தோம். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஐயா பென்சன் எடுத்தார். யாழ்ப்பாணம் திரும்பிப் போகாமல், "இனி நான் கமக்காரன்" என்று முரசுமோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கினார். எங்கே? அதே வாய்க்காலின் கடைசியில். மலிவாக இருந்ததாம். ஏன் மலிவு என்று குஞ்சு குருமானுக்கும் தெரியும். அவர் தன் படத்தை நம்பினார். நுணல் தன் வாயால் கெட்டது, இவர் தன் கடிதத்தால் கெட்டார்.

முதல் சிறுபோகம் விதைத்தார். பயிர் கதிருக்குக் குடலை தள்ளுகிற நேரம், வயல் பாளம் பாளமாக வெடித்தது. சாறமும் தோளில் துவாயுமாகக் கந்தோருக்கு வந்தவர், பழைய பழக்கத்தில் நேரே உள்ளே நடந்தார். வாங்கில் இருந்த ராசம்மா அக்கா எழும்பவில்லை.

"ஐயா, நீங்கள் கடைசியாத்தானே வந்தனீங்கள். கடைசியிலை இருங்கோ."

குரலில் கோபம்கூட இல்லை. ஐயா போய் இருந்தார். அவருடைய முறை வந்தபோது, அவரிடமே வேலை பழகிய புது ரீ.ஏ. தலை நிமிராமல் படத்தைக் காட்டினார். "ஓடுதுதானே ஐயா. வரும், போங்கோ."

ஸ்டென்சில் கடிதத்தில் பெயரையும் வயல் இலக்கத்தையும் நிரப்பி அவரிடம் கொடுத்தவள் நான். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளை, இது நான் எழுதினதெல்லே?"

"ஓம் ஐயா."

அந்தப் பயிரில் பிறகு மாடுகள் மேய்ந்தன. தேனும் பூசணிக்காயும் கொண்டு ஒருவரும் போகவில்லை. ஐயா வயலை அப்படியே விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போனார், திரும்பவில்லை. நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கந்தோரில் எல்லாரும் சிரித்தோம். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பிறகு எத்தனையோ இடம்பெயர்வு, எத்தனையோ திரும்பி வருதல். வாய்க்காலுக்குச் சீமெந்து பூசியாயிற்று. மேலே இப்போதும் பம்பு இழுக்கிறது. கடைசியில் வயல்கள் இல்லை, ஈச்சம்பற்றைதான். ராசம்மா அக்கா செட்டிகுளத்தில் மகளோடு போய் இருந்து, அங்கேயே கண்ணை மூடிவிட்டா. வாங்கில் வந்து குந்த இப்போது ஆளில்லை. அந்த வாய்க்காலில் முறைப்பாடு எதுவும் கிடையாது என்று வருசா வருசம் எங்கள் அறிக்கை பெருமையாகச் சொல்கிறது. அந்த வரியையும் நான்தான் அடிக்கிறேன்.