குழாயடியில் நடந்த சேர்க்கை

எங்கள் பள்ளியில் சமைக்கும் ராசாத்தாள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். பதினைந்து வருடமாகப் பாடம் நடத்தும் தலைமையாசிரியை பத்மாவதி, அதாவது நான், அவளிடம் தோற்றுப்போனேன். இதைச் சொல்ல எனக்கொன்றும் கூச்சமில்லை.

கணபதி என்ற பகுதியில் பட்டறைகளுக்கு நடுவே ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் தொடக்கப் பள்ளி. போன வருடம் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒன்பதே பிள்ளைகள். மற்ற பிள்ளைகளையெல்லாம் காலையிலேயே தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். விஜயதசமிச் சேர்க்கைக்குள் இருபது தேறாவிட்டால் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவோம் என்று மேலே சொல்லிவிட்டார்கள். அந்த ரோட்டைத் தாண்டிப் பாதிப் பிள்ளைகள் போகாது, படிப்பு நின்றே போகும்.

பட்டறைகளை ஒட்டிய வரிசை வாடகை வீடுகளான லைன் வீடுகளில் ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருப்பது தெரியும். நோட்டீஸ் அடித்துக்கொண்டு பத்து நாள் மதிய வெயிலில் அலைந்தேன். எங்கே போனாலும் பூட்டு. இவர்களுக்கெல்லாம் அக்கறையே கிடையாது என்று சமையலறை வாசலில் நின்று கத்தித் தீர்த்தேன்.

ராசாத்தாள் பருப்பைக் கடைந்துகொண்டே சொன்னாள். "ஏனுங்க டீச்சர், புள்ளைகளையும் இழுத்துக்கிட்டுப் பட்டறைக்குப் போயிட்டா ஊட்டுல பூட்டுத்தானுங்க தொங்கும். தண்ணி உடற அன்னிக்குப் போகோணுமுங்க."

எங்கள் பக்கம் பத்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். அன்று விடிகாலையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் குழாயடிக்கு வந்தாக வேண்டும். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாத ராசாத்தாள், அடுத்து வந்த மூன்று தண்ணீர் நாளும் குடத்தோடு போய் நின்று அந்த அம்மாக்களைப் பிடித்திருக்கிறாள்.

விஜயதசமி காலை, தட்டில் அரிசியைப் பரப்பிவிட்டு வாசலையே பார்த்திருந்தேன். ராசாத்தாள் முன்னே வந்தாள். பின்னால் அம்மாக்களோடு பதினாலு பிள்ளைகள். அடேயப்பா! சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்தேன். தாய்மொழி என்ற இடத்தில் ஒடியா, போஜ்புரி, சந்தாலி என்று முதல்முறையாக எழுதினேன். எந்தப் பிள்ளை எந்த வீடு, என்ன வயது என்று நான் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆக இருபத்துமூன்று. பள்ளி பிழைத்தது.

வரிசையில் இன்னொரு பிள்ளை மிச்சமிருந்தது. ராசாத்தாளின் மகள் லோகப்பிரியா, மஞ்சள் வேனில் போகிறவள். கையில் டி.சி. இவளை எதற்கு மாற்றினாய் என்று கேட்டேன்.

"தமிழ் அரைகுறையாப் பேசற ஒரு அம்மணி, உன் புள்ள எங்க படிக்குதுன்னு கேட்டுப்போட்டாளுங்க. அன்னிக்கே போயி டி.சி.க்கு எழுதிக் குடுத்துப்போட்டேனுங்க."

இருபத்துநான்கு என்று திருத்தி எழுதினேன். என் மகன் உதயும் அதே வேனில்தான் போகிறான். அது ராசாத்தாளுக்கு நன்றாகத் தெரியும். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.