கேதம் போய்ச் சேரவில்லை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. அந்த ஐந்தாவது என் தம்பி. எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. எனக்குக் கல்யாணம் ஆனபோது ஒன்பது. தாலி ஏறி இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கே அவனையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தறிக்குப் போகிற வழியில் அவனைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவார். டைப்ரைட்டிங் படிக்கவைத்ததும் அவர்தான். அந்தப் படிப்பால்தான் அவன் பம்பாயில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்து, இப்போது பென்ஷன் வாங்குகிறான்.

நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுத ஆரம்பித்துப் பதினோரு நாளாகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. அவசரப்பட வேண்டிய நேரத்தில் நான் சும்மா இருந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் கேதச் சங்கம் ஒன்று உண்டு. சாவைத்தான் எங்கள் பக்கம் கேதம் என்போம். சங்கத்துக்கு ஒரு அறை, ஒரு ஐஸ் பெட்டி, நூறு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். தலைவி நான். இருபது வருஷமாக வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்டது இல்லை, கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். ஒரு வீட்டில் கேதம் விழுந்தால் அந்த வீட்டாரோ தெருக்காரர்களோ தங்கள் வாயால் வெளியூருக்குச் சொல்லக்கூடாது. சங்கம்தான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் சிவகிரிக்கும் ராயகிரிக்கும் பஸ்ஸில் ஆள் அனுப்புவோம். கேதம் சொல்ல வந்தவன் வாசலில் நின்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவான். தூரத்து ஊர்களுக்குக் கடுதாசி. நாலு மூலையிலும் கருப்பு மை தடவி இருக்கும். அதை வாசலிலேயே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டு, காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவோம். கேதக் கடுதாசியை ஒரு பொழுதுகூட வீட்டுக்குள் வைக்க மாட்டோம். வைத்தால் அடுத்த கேதம் அந்த வீட்டில்.

அப்புறம் போன் வந்தது, வாட்ஸாப் வந்தது. வாட்ஸாப்பில் ஒரு குரூப் வைத்துப் பார்த்தோம். வடக்குவீட்டு அண்ணாச்சி போன செய்திக்கு அடியிலேயே ஒருவன் ரோஜாப்பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் சொன்னான். நான் சங்க அறைக்கு நேராகப் போய், "கலைச்சு விடும்வே அதை" என்றேன். செயலாளர் எனக்குக் கொழுந்தன் முறை. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஈமெயில் யோசனையைச் சொன்னார்.

"வெளிநாட்டுல இருக்கவன் நம்பரை மாத்திக்கிட்டே இருப்பான், மைனி. மெயில் மாறாது. பதிலுக்குப் பூவும் போட மாட்டான்."

எனக்கும் சரியென்று பட்டது. ஒரே தடவையில் முந்நூறு பேருக்குப் போகும் என்றார். எல்லாக் கேதத்துக்கும் வாசகம் ஒன்றுதான், பெயரும் நேரமும் மட்டும் மாறும்.

அந்த வாசகத்தின் கடைசி வரி என்னுடையது. 'படித்ததும் வீட்டில் வைக்க வேண்டாம், அழித்துவிடவும்' என்று போடச் சொன்னேன். கொஞ்ச நாளில் துபாயில் இருக்கிற எங்கள் தெருப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். அழித்தாலும் அது குப்பைத்தொட்டிப் படத்துக்குள் முப்பது நாள் அப்படியே கிடக்கிறதாம். அவள் சின்னப் பிள்ளைக்காரி, பயந்து போயிருந்தாள். எனக்கும் பயம் வந்தது. முப்பது நாள் கேதக் கடுதாசியை வீட்டு மூலையில் போட்டுவைப்பதா? வேறு வழி இல்லையா என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைத் துழாவிவிட்டு, ஆச்சரியக்குறி போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது, அதை அமுக்கினால் அப்புறம் கண்ணிலேயே படாது என்றார்.

"அது எதுக்கு உள்ள பொத்தான்?" என்று கேட்டேன்.

"வேண்டாத மெயிலைத் தள்ளுறதுக்கு."

"கேதத்தைவிட வேண்டாதது என்ன இருக்கு? அதையே போடும்."

போட்டார். அன்று முதல் ஒவ்வொரு கேத மெயிலின் அடியிலும், படித்ததும் ஆச்சரியக்குறியை அமுக்கவும் என்று போனது. என் பெயரும் தலைவி என்ற பட்டமும் அதற்குக் கீழே. முந்நூறு பேரும் சொன்னபடி செய்தார்கள். எங்கள் ஆட்கள் கேத விஷயத்தில் சொல் தட்ட மாட்டார்கள்.

இப்போது என் தம்பி விஷயம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் வீட்டுக்காரர் பெயரைக் கடைசி வரியில் போட்டிருந்தான். சம்பந்தி வீட்டார் அடித்த பத்திரிகை, தனக்குத் தெரியாது என்றான். வளர்த்தவர் பெயர் எந்த வரியில் இருக்கிறதென்று பார்க்காதவன் என்ன பிள்ளை என்று நான் கேட்டேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அவருக்குப் போக ஆசைதான். புது வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அதற்குப் பிறகு எனக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை.

போன மாசியில் ஒரு நாள் காலையில் காப்பியைக் கையில் வாங்கிய என் வீட்டுக்காரர் குடிக்காமலே சாய்ந்துவிட்டார். தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. செயலாளர் வந்து நின்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்து ஊர்களுக்கு ஆள் போனது, தூரத்துக்கு மெயில் போயிற்று. மூத்தவன் பக்கத்தில் வந்து, "அம்மா, பம்பாய் மாமாவுக்கு நான் போன் போடட்டா?" என்று கேட்டான்.

"சங்கத்துல சொல்லியாச்சு. வாறவன் வருவான்" என்றேன்.

இரண்டாவது மகன் கேட்டதற்கும் அதே பதில்தான்.

புருஷன் போனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் கோடிச்சேலை கொண்டுவந்து போட வேண்டும். அம்மா அப்பா இல்லாத எனக்குப் பிறந்த வீடு என்றால் அந்த ஒருவன்தான். ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. மழை வரும் என்றேன், பேத்தி வர வேண்டும் என்றேன், ஐந்தரை வரை இழுத்தேன். எதற்காக இழுக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் மேலநீலிதநல்லூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் கடைக்கு ஓடிப் போய் ஒரு சேலை வாங்கிவந்து போட்டான். பச்சையா நீலமா என்றுகூட நான் பார்க்கவில்லை.

பதினாறாம் நாளும் கழிந்தது. அவன் வரவில்லை, ஒரு சொல்லும் இல்லை. ஒரு வரி அச்சுக்காக வளர்த்தவர் முகத்தைப் பார்க்க வராதவனை நானா தேடிப் போவேன்? இப்படியே நாலு மாதம் போயிற்று.

ஆனி மாதம் அந்தத் துபாய்ப் பெண் லீவில் வந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும், "என்ன ஆச்சி, நம்ம தெருவுல யாரும் சாகிறதே இல்லையா? சங்கத்து மெயில் வந்து எத்தனையோ மாசமாச்சு" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், என் நெற்றியைப் பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது முடிக்கிற வரை என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இவளுக்குப் போகவில்லை என்றால் அவனுக்கு?

அவளையும் கூட்டிக்கொண்டு சங்க அறைக்குப் போனேன். செயலாளர் கம்ப்யூட்டரைத் திறந்தார். திரும்பி வந்த மெயில்கள் குவிந்து கிடந்தன. இங்கிலீஷில் ஏதோ விளம்பரம் என்று நினைத்து அவர் பிரிக்காமலே விட்டிருக்கிறார். துபாய்ப் பெண்தான் படித்துச் சொன்னாள்.

"பெறுகிறவங்க வேண்டாம்னு சொல்லுறதால உங்க மெயிலைத் தடுத்திருக்கோம்னு இருக்கு, ஆச்சி. முந்நூறு பேரும் அந்தப் பொத்தானை அமுக்குனோம்லா. அது வேண்டாத மெயில்னு கம்பெனிக்குப் புகார் சொல்லுற பொத்தானாம்."

"யாரு புகார் சொன்னா?"

"நாமதான்."

செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

கம்பெனிக்கு எழுதினோம். அங்கே பேச ஆள் கிடையாது. போன் நம்பர் கிடையாது. கட்டம் கட்டமாக ஒரு பாரம், அதை நிரப்பி அனுப்பினால் அடுத்த நிமிஷமே பதில் வந்துவிடும். மனிதர் படித்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் வருமா? 'இது கேதச் சங்கம், இதில் வியாபாரம் இல்லை' என்று மூன்று தடவை எழுதினோம். மூன்று தடவையும் அதே பதில். ஒவ்வொருவரும் தங்கள் கையால் அந்த மெயிலை எடுத்து, வேண்டியதுதான் என்று காட்ட வேண்டுமாம். கேதத்தை வேண்டும் என்று யார் சொல்வார்கள்?

"எங்க வீட்டுக்காரர் மெயில் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"மாசி வரைக்கும் திருப்பி அனுப்பல, மைனி. வேண்டாத பெட்டின்னு ஒண்ணு இருக்கு, அதுல தள்ளியிருக்கான். அங்கயும் முப்பது நாள் கிடந்து தானா அழிஞ்சிரும்" என்றார்.

அப்படியானால் அவர் செத்த செய்தி என் தம்பி வீட்டுக்குள்ளேயே முப்பது நாள் கிடந்திருக்கிறது. அவன் பார்க்காத ஒரு மூலையில். எதைப் பார்த்து நான் பயந்தேனோ அதேதான்.

மறுநாள் காலையில் மூத்தவனை நம்பர் போடச் சொல்லி, நானே பேசினேன்.

"ஏலே, நான்தான்."

"சொல்லுங்க."

பிறந்ததிலிருந்து என்னை நீ என்றுதான் சொல்லுவான்.

"அத்தான் போயிட்டாகலே."

"தெரியும். பதினேழாம் நாள் இங்கன ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு சிவகிரிக்காரன் சொன்னான். என்னைய வளர்த்தவுக செத்த கதையைப் பிளாட்பாரத்துல நின்னு கேட்டேன்."

"சங்கத்துல இருந்து மெயில் போட்டோம். கம்பெனிக்காரன் தடுத்துட்டான். சத்தியமாலே."

"நீங்க சொன்ன சொல்லைத் தடுக்க உலகத்துல ஒரு கம்பெனி இருக்காக்கும்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"உங்க வீட்டுல நாலு பிள்ளைக. நாலு பேர் கையிலயும் போன் இருக்கு" என்றான்.

"கேத வீட்டுக்காரி வாயால கேதம் சொல்லக்கூடாது. உனக்குத் தெரியாதா?"

"வளர்த்த பிள்ளைக்குமா?" என்றான். "நான் சேலை எடுத்து வச்சிருந்தேன். பதினேழாம் நாளே எடுத்துட்டேன். நீங்க கூப்பிடுவீகன்னு பார்த்தேன். இனி அது எதுக்கு?" அவ்வளவுதான். வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

அன்றைக்கு நான் கம்பெனியைத்தான் சொன்னேன். பொத்தானை அமுக்கச் சொன்னது நான்தான் என்று சொல்லவில்லை. அவனும் அமுக்கியிருப்பான். அக்கா பெயர் அடியில் இருந்தால் அவன் அமுக்காமல் இருக்க மாட்டான். பிள்ளைகள் போன் போடட்டுமா என்று இரண்டு தடவை கேட்டதையும் சொல்லவில்லை. கம்பெனி தடுத்தது உண்மை. அதற்கு முன்னால் தடுத்தது நான். அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இது அவனுக்குத் தபாலில் போகும். மூலையில் மஞ்சள் தடவ இது நல்ல செய்தி இல்லை. கருப்புத் தடவினால் பிரிக்காமலே கிழித்துவிடுவான். ஒன்றும் தடவவில்லை. கடைசியில், 'படித்ததும் கிழிக்காதே, வீட்டில் வை' என்று எழுதிவிட்டேன். இப்படி நான் யாருக்கும் எழுதியது இல்லை.

மூத்தவன் மகள் அடுப்படியில் இருக்கிறாள். அவளைக் கூப்பிடப் போகிறேன்.

ஏட்டி மக்கா, இங்கன வா. இதை முதல்ல இருந்து வாசி. அந்தப் பொத்தானை யார் அமுக்கச் சொன்னான்னு வருதில்லா, அங்கன வந்ததும் சத்தமா வாசி. நான் அதை எழுதியிருக்கேனான்னு கேக்கணும்.