காற்று நெளுக்குளம் வரை போகாது

எனக்கு அம்மாள் வருத்தம், அதாவது சின்னம்மை, கண்ட காலையில் அம்மா வீட்டில் இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு கிளினிக்குக்குப் போயிருந்தார். என் முதுகில் நீர்க்கொப்புளங்களை முதலில் கண்டவர் சித்திதான். அம்மாவின் தங்கை. தாதியர் படிப்புக்கு நடுவில் கிடைத்த விடுமுறையில், உடையார்கட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

ஓட்டோச் சத்தம் கேட்டதும் சித்தி வாசல் படலைக்கு ஓடினார்.

“அக்கா, அங்கயே நில்லுங்கோ! உள்ள வராதேங்கோ. பிள்ளைக்கு அம்மாள் வந்திருக்கு.”

நான் அதற்குள் முற்றத்தில் இறங்கி ஓடினேன். என்னைக் கண்ட அம்மா, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தார். அதுவரை என்னைக் கண்டு அவர் பின்வாங்கியதே இல்லை. அப்பா உடுப்புப் பையைக் கொண்டுபோய்க் கொடுக்க, அம்மா அதே ஓட்டோவில் நெளுக்குளத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு என்னில் அருவருப்பு என்று முடிவு கட்டி, மத்தியானம் சாப்பிட மறுத்தேன். சித்தி சோற்றுக் கோப்பையோடு என் கட்டிலிலேயே வந்து இருந்தார்.

“உங்களுக்கு ஒட்டாதோ சித்தி?”

“எனக்கும் கொப்பாக்கும் சின்னனிலயே வந்திட்டுது. கொம்மாக்குத்தான் வரேல்ல. வயித்தில பிள்ளையோட அவாக்கு வரக்கூடாது.”

பிறகு வருத்தங்களை எனக்கு வகுப்புப் பிரித்துக் காட்டினார். தொட்டால் தொற்றுவது ஒன்று. தும்மலில் தெறித்துப் பக்கத்தில் நிற்பவரைப் பிடிப்பது இன்னொன்று. காற்றில் மிதந்து அறை முழுக்கப் பரவுவது மூன்றாவது. என்னுடையது காற்றாலும் பரவும், தொட்டாலும் தொற்றுமாம். ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருப்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சித்தி என் அறைக் கதவைச் சாத்தி, வெளிப்பக்க யன்னலைத் திறந்துவிட்டார். அப்பா படலையில் வேப்பிலை கட்டினார். சித்தி மறுக்கவில்லை. “நல்லது அத்தான், சனம் பாத்திட்டு உள்ள வராது. எங்கட வாட்டிலயும் கதவில போர்ட் தொங்கும்” என்றார். நான் படுத்தபடியே, தும்மிய அப்பாவை இரண்டாம் வகுப்பிலும், சொறி பிடித்த நாயை முதலாம் வகுப்பிலும் சேர்த்தேன்.

பின்னேரங்களில் அம்மா போன் எடுப்பார். “சொறியிறியோ?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். கோபம் ஆறிய ஒரு நாள் நானே அவரைத் தேற்றினேன்.

“பயப்பிடாதேங்கோ அம்மா. காத்து நெளுக்குளம் வரைக்கும் வராது.”

அதற்குப் பிறகு பெரியம்மாதான் போனை வாங்கிக் கதைத்தார்.

என் பொருக்குகள் எல்லாம் உதிர்ந்து, நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அம்மா வரவில்லை. சித்தி சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பின்னேரம் போனை வைத்துவிட்டுக் குசினி நிலத்தில் அப்படியே இருந்து அழுதார்; அழுகைக்கு நடுவில் சிரித்தார்.

“அக்காக்கு ஒண்டும் வரேல்ல. இனி வராது.”

“அவா தூரத்திலதானே இருந்தவா” என்றேன். இதற்குப் போய் அழுகிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அம்மா வந்து என்னைத் தூக்க முடியாமல் தூக்கினார். தம்பி ஊரைக் கூட்டும் சத்தத்தோடு, ஒரு குறையுமில்லாமல் பிறந்தான்.

சித்தி தன் பாடத்தில் ஒன்றை விட்டுவிட்டார் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. கொப்புளம் வெளியே தெரிய முன்பே இந்த வருத்தம் பரவத் தொடங்கிவிடும்; தொற்றியவரில் அது வெளிவர மூன்று கிழமை வரை எடுக்கும். அம்மா கிளினிக்குக்குப் போவதற்கு முதல்நாள் இரவு, நான் அவருடைய வயிற்றில் முகத்தை வைத்துத்தான் தூங்கினேன். நெளுக்குளம், வவுனியாப் பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட. ஏற்கெனவே தொற்றியிருந்தால் உடனே காட்டலாம் என்றுதான் அம்மா அங்கே போனார். அம்மாவுக்கும் சித்திக்கும் இதெல்லாம் தெரிந்திருந்தது. எனக்குச் சொல்லவில்லை.