அறச்சபைக்கு நாற்பது புள்ளி

உள்ளறையிலிருந்து மணிச்சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. அது கணினி விளையாட்டின் மணி. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் வேஷம் கட்டி உள்ளே நுழையலாம். அங்கே அடிபட்டவரைக் குணப்படுத்தினால் ஒரு மணி, ஒரு அறப்புள்ளி. ஐந்நூறு சேர்ந்தால் தலைக்கு மேல் வெள்ளை வளையம். ஆயிரம் ஆனால் அறச்சபையில் நாற்காலி. திருடினாலோ, வளையம் பெற்ற ஒருவரை அடித்தாலோ அத்தனையும் போய், நெற்றியில் சிவப்புக் கறை விழுந்துவிடும்.

அவளுக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. பகலெல்லாம் மெழுகை உருக்கி, அடுத்தவர் வாய்க்குப் பல் வரிசை செய்வாள். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பல்லம்மா. மாலையில் வீடு திரும்பினால் விளையாட்டில் வளையம் பெற்ற மருத்துவச்சி. ஆறு வருஷமாக அதுதான் அவள் பெருமை. கேட்பாரற்றுக் கிடக்கும் பழத்தைக்கூட அங்கே எடுக்க மாட்டாள். அந்தப் பழக்கம் மெல்ல வெளியிலும் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை, தான் செய்த பல் மயிரிழை உயர்ந்துவிட்டதை யாருமே கவனிக்காதபோது, தானே டாக்டரிடம் போய்ச் சொல்லி ஏச்சு வாங்கி வந்தாள். புள்ளி குறைந்துவிடுமென்று பயமா என்று கணவர் அன்று முழுக்கக் கேலி செய்தார். அவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர், வாய்க்குப் பஞ்சமில்லை.

ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து பேர் அடிபட்டு வந்தாலே அதிகம். இங்கே நிமிஷத்துக்கு ஐந்து மணி அடிக்கிறதே? கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கணவரும் அவள் தம்பியும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள். தம்பி தன் கணினியையும் தூக்கி வந்திருந்தான். திரையில், விளையாட்டுக்குப் புதிதாக வந்த யாரோ ஒருவரைக் கணவரின் மந்திரம் மரத்தோடு கட்டிப் போட்டிருந்தது. தம்பியின் கறைபட்ட முரடன் ஒரு வெட்டு வெட்டுவான். கணவரின் வைத்தியர் கை வைத்துக் குணப்படுத்துவார். மணி அடிக்கும். மறுபடி வெட்டு. மறுபடி வைத்தியம்.

கட்டுண்டவர் எழுதியது திரையின் அடியில் ஓடியது: 'விட்டுடுங்க. வேலைக்கு நேரமாச்சு. இப்படியே கணினிய அணைச்சா என் ஆள் செத்துடுவான்.'

தம்பி பிஸ்கட் தூள் ஒட்டிய விரலை நக்கிவிட்டு, அதே எச்சில் விரலால் அடுத்த வெட்டை அழுத்தினான்.

இன்னும் நாற்பதுதான், அப்புறம் மாமா சபையில் உட்கார்ந்துவிடுவார் என்று பல்லைக் காட்டினான். வெட்கமாயில்லையா என்று அவள் கேட்டாள். கணவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விதிப்படிதானே செய்யறேன். நானா அடிக்கிறேன்? வைத்தியம் பாக்கறேன்."

அந்தக் குரலில்தான் எத்தனை சாந்தம்! வாய்க்குள் புகுந்த ஈயைப்போல அதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றாள். பிறகு, அவிழ்த்துவிடச் சொன்னாள்.

"ரொம்பத்தான் பண்ணாதேக்கா," என்றான் தம்பி. "ஞாயித்துக்கிழமையானா விளையாட்டுல குகை வாசல்ல நிப்பியே, அடிபட்டவங்க வரிசையா வருவாங்களே, அவங்கள யாரு அடிச்சதுன்னு நெனச்சே? நான்தான். நீ சந்தோஷப்படுவேன்னுதான்."

பாசமாகத்தான் சொன்னான். பாவி, அதுதான் தாங்க முடியவில்லை. அந்த வரிசையை நினைத்து எத்தனை நாள் பூரித்திருப்பாள்! தன்னைத் தேடி வருகிறார்கள் என்று கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாளே. யார் அடித்தார்கள் என்று ஒருவரிடமாவது கேட்டாளா? விதியில் அப்படியொரு கேள்வி இல்லை. அவளும் கேட்கவில்லை. கணவர்மேல் வந்த அருவருப்பு அப்படியே திரும்பி அவள்மேல் அப்பிக்கொண்டது.

முன்னறைக்குப் போய்த் தன் கணினியைத் திறந்தாள். மருத்துவச்சி மரத்தடிக்கு நடந்தாள். கட்டிப்போட்ட வைத்தியரை அடித்தால் மந்திரம் அறுந்துவிடும். ஆனால் அவர் வளையம் பெற்றவர், அடித்தால் ஆறு வருஷமும் போய்விடும்.

"ஏய், என்ன பண்றே நீ?" உள்ளறையிலிருந்து கணவர் கத்தினார்.

கைத்தடியை ஓங்கி அவருடைய வைத்தியரின் தலையில் போட்டாள். மருத்துவச்சியின் வளையம் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. நெற்றியில் கறை விழுந்தது. கட்டு அறுந்தவர் அவளை ஒரு கணம் பார்த்தார். 'கிட்ட வராதே' என்று எழுதிவிட்டு ஓடியே போனார்.

கண் கலங்கியது. ஆனாலும் கணினியைப் பட்டென்று மூடினாள்.

தம்பி தன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஆறு வருஷத்தைக் குப்பையில் கொட்டிவிட்டாயே என்று புலம்பினான். அவள் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்காவைப் பாக்கணும்னா வா. இதத் தூக்கிட்டு வராதே."

அவன் கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினான். கணவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.