கடைசி வீட்டுக்குப் போன ஈரல்

எங்கள் ஊரில் காட்டுப்பன்றி விழுந்தால் ஈரலைக் கூறு போடமாட்டார்கள். கறியைத்தான் இலையில் கூறு கூறாக வைத்து, சுருக்கு வைத்தவரும் பக்கத்து நிலத்துக்காரர்களும் எடுத்துக்கொள்வார்கள். ஈரல் மட்டும் தெருவில் யார் வாயும் வயிறுமாக இருக்கிறாளோ அவளுக்கு. பன்றியைப் பிடிப்பது குற்றம் என்று அப்போது இரண்டாம் வகுப்புப் படித்த எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஈரல் விதி மட்டும் மனப்பாடம். அதனால் வந்த வினைதான் இது.

புத்தூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் எங்கள் ஊர். நிலம் காப்புக்காட்டை ஒட்டி இருந்தது. அந்த வருடம் வேர்க்கடலை காய் வைத்த நாளிலிருந்து பன்றிகள் விடாமல் வந்தன. காலையில் போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டியது போலக் கிளறிக் கிடக்கும். நஷ்டத்துக்கு மனு கொடுக்கப் போன நைனாவிடம் பன்றி தின்பதற்குப் போட்டோ ஆதாரம் கேட்டார்களாம். "துன்ற பண்ணிய நிக்க வெச்சா போட்டோ புடிக்க முடியும்?" என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினார். மறுநாள் பழைய பைக்கின் கிளச் வயரைக் கழற்றிக்கொண்டு போய் வேலிச் சந்தில் சுருக்கு கட்டினார்.

இன்று ஸ்ரீ சிட்டி கம்பெனியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்டால், கடலையைக் காப்பாற்றத்தான் என்று நானும் சொல்வேன். உண்மையைச் சொன்னால் கறிக்கும் ஆசைதான். தீபாவளிக்குப் பிறகு எங்கள் வீட்டில் கறி வாசனையே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்றி விழுந்தது. நைனா கையோடு சுருக்கை மறுபடி கட்டிவிட்டு வந்தார். அம்மா ஈரலை மிளகு போட்டு வறுத்து, தூக்குவாளியில் வைத்து மூடி, மாசமாக இருந்த சித்தியிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.

"யாரு கேட்டாலும் கருவாடுன்னு சொல்லு. வாட்சரு எதிர்ல வந்தா திரும்பி வந்துடு."

வாட்சர் என்றால் காட்டைக் காவல் காக்கிறவர். எங்கள் தெருவின் கடைசி வீட்டில்தான் புதிதாகக் குடிவந்திருந்தார்.

சித்தி வீடு பூட்டியிருந்தது. திரும்பி வந்திருக்கலாம். ஆனால் ஈரல் ஆறிப்போகுமே! தெருவில் வேறு யாருக்கு வயிறு பெரிதாக இருக்கிறது என்று யோசித்தேன். வாட்சர் மனைவிக்கு, சித்தியைவிடப் பெரிது. வாசலில் வாட்சரின் பைக் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன். அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

"இன்னா கறி கண்ணு இது?"

"பண்ணி ஈரலு, அக்கா. மாசமா கீறவங்களுக்குத்தான் குடுப்பாங்க. மாமாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. எங்க நைனாவப் புடிச்சுக்கினு பூடுவாரு."

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு தூக்கை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நைனா சுருக்கை அவிழ்க்க வேலிக்கு ஓடினார். வெறுங்கையோடு திரும்பினார். அவருக்கு முன்னாலேயே யாரோ அதை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். "கேஸ் போட்டா உள்ளதான்" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் நைனா நிலத்துக்குப் போகவில்லை. துவைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டவுனுக்குக் கிளம்புகிறார் என்று நினைத்து நானும் நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை ஒரு அடி அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த இரண்டு நாள் கிடைத்த செல்லம் எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாட்சரே வந்தார். காக்கிச் சட்டை, கையில் எங்கள் தூக்கு. நைனா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வாட்சர் தூக்கை என்னிடம் நீட்டினார்.

"காலியாக் குடுக்கக் கூடாதுன்னு எங்க வூட்ல சொன்னாங்க."

திறந்து பார்த்தேன். முருங்கைக்கீரை. அதன் அடியில், சுருட்டி வைத்த எங்கள் கிளச் வயர்.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறாரே, எவ்வளவு நல்ல மனிதர்! நைனாவோ ஒரு நன்றிகூடச் சொல்லாமல் மரம் மாதிரி நின்றார். எனக்குக் கோபமாக வந்தது. மரியாதைக்கு நானாவது ஏதாவது கேட்க வேண்டாமா?

"ஈரல் நல்லா இருந்துச்சா மாமா?"

நைனா கண்ணை மூடிக்கொண்டார். வாட்சர் என்னைப் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நானும் துன்னேன். உப்புதான் கொஞ்சம் கம்மி." வாசல் இறங்கியவர் திரும்பி, "இன்னொருவாட்டி வேலில வயரு இருந்தா கேஸ் எழுதிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, வாட்சர் மாமாவும் துன்னாராம். உப்பு கம்மியாம்!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் சமையலை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அடுத்தவாட்டி நெறையப் போட்டுக்கலாம்மா, அழாத" என்றேன்.