கடற்படையின் வயிற்றெரிச்சல்

அந்த முடிதிருத்தும் கடைக்காரரைத் தெருவே கடற்படை என்றுதான் கூப்பிடும். கடலில் அவர் கால் நனைத்ததுகூட இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் நாடு கட்டிய டார்பிடோ படகுகளைக் காகிதத்தில் செய்து, கண்ணாடிக்குக் கீழே சீப்புகளுக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவே நிறுத்தி வைப்பார். நாற்காலியில் உட்கார்ந்தவர் தலையைத் திருப்ப முடியாது. எதிரே படகுதான். பார்த்தால் கேட்பார்கள், கேட்டால் சொல்வார். முடிவெட்டுக்குப் படகு வரலாறு இலவசம்.

காகிதம் வெட்டப் பாதி பிளேடுதான் கத்தி. முதலில் விலா எலும்புபோல அட்டைச் சட்டம், அதன்மேல் காகிதத் தோல். வெட்டிய விளிம்பு வெள்ளையாகப் பல்லிளிக்காமல் சாம்பல் நிறம் தொட்டு வைப்பார். தெருவில் படகு என்றால் அவர் ஒருவர்தான். அந்தப் பெருமையில்தான் அவர் நாள் ஓடியது.

வினை மச்சான் உருவில் வந்தது. மனைவியின் தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பொழுதுபோகாமல் அவனும் ஒரு படகு செய்துகொண்டு வந்தான்.

"அத்தான், உங்க படகு பக்கத்துல இதுவும் நிக்கட்டுமே."

நின்றது. அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கண் அதன்மேல்தான். மூக்கு அவ்வளவு கூர்மை. தோலில் ஒரு சுருக்கம் இல்லை. "இது யார் செஞ்சது?" என்று கேட்டே கொன்றார்கள்.

கடற்படை குறை தேடினார். கிடைத்தது. படகின் இருபுறமும் கிடக்கும், டார்பிடோ குண்டை நீருக்குள் ஏவும் குழாய்களை மச்சான் தப்பாகச் சுருட்டியிருந்தான். காகிதத்துக்கு நார் ஓட்டம் உண்டு. குழாய் அந்த ஓட்டத்தோடு நீளவேண்டும். குறுக்கே போனால், ஈரம் பட்டதும் வாயைப் பிளந்துவிடும். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மீசை ஒதுக்க வந்தவருக்கும் வெந்நீர்த் துண்டு போட ஆரம்பித்தார். கடை முழுக்க ஆவி.

தன் படகை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி பார்த்தாள்.

"இது ஏன் வீட்டுக்கு வந்துச்சு?"

"தூசி படுது."

"என் தம்பி படகு மேல மட்டும் தூசி படாதாக்கும். வயித்தெரிச்சல்னு சொல்லுங்க, மருந்தாவது தர்றேன்."

ஒரு வாரத்தில் இரண்டு குழாய்களும் பிளந்துகொண்டன. மச்சான் வந்து பார்த்தான். கடற்படை ரொம்ப அக்கறையாகச் சீப்பைத் துடைத்தார்.

"என் தப்புதான் அத்தான். ஆனா எங்க தப்புன்னு புரியலை. உங்களை விட்டா யாரைக் கேப்பேன்?"

அந்தக் கேள்வியில் மனுஷர் குளிர்ந்துபோனார். பிளந்த குழாயைப் பார்க்க அவருக்கே பொறுக்கவும் இல்லை. காகிதத்தை இப்படியும் அப்படியும் வளைத்து, எந்தப் பக்கம் சுலபமாக மடங்குகிறது என்று காட்டினார். மனைவியின் பின்னல் ஊசியில் சுற்றி, பென்சில் கனத்தில் இரண்டு குழாய்களைத் தானே உருட்டிக் கொடுத்தார். அவர் இதுவரை சுருட்டியதிலேயே அவைதான் அழகு. மச்சானின் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் கணக்கு வாத்தியார் சவரத்துக்கு வந்தார். மச்சான் பின்னால் பெஞ்சில் காத்திருந்தான்.

"அடடா, இந்தக் குழாயைப் பாருங்க," என்றார் வாத்தியார். "உங்க மச்சானுக்குக் கையில என்னமோ இருக்குய்யா."

கத்தி அவர் தாடையில் நின்றது. "குழாய் நான் சுருட்டுனது," என்றார் கடற்படை.

"ஆமா சார்," என்றான் மச்சான். "நல்லதெல்லாம் அத்தான் வேலைதான். நான் சும்மா ஒட்டுனேன், அவ்வளவுதான்."

கத்தி விலகியதும் வாத்தியார் கண்ணாடியில் மச்சானைப் பார்த்துத் தலையாட்டினார். "இவ்வளவு திறமை இருந்தும் எவ்வளவு அடக்கம் பாருங்க. பெரிய மனசு. இந்தக் காலத்துல யாரு இப்படி..."

கடற்படை தூரிகையால் சோப்பை நன்றாகக் குழைத்து, வாத்தியாருக்கு மறுபடி நுரை போட்டார். கன்னத்தில் தொடங்கி, வாயையும் சேர்த்து.