எதிர்வீட்டு ஆரஞ்சு ஜாக்கெட்

லூக்கோதியாவைப் பற்றி மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்காகத்தான் படித்தேன். கிரேக்கர்களின் கடல் தெய்வம். புயலில் தத்தளிப்பவன் முன் எழுந்து வந்து, தெப்பத்தை விட்டுவிட்டு இந்தத் துணியைக் கட்டிக்கொண்டு நீந்து, கரையேறியதும் திரும்பிப் பார்க்காமல் கடலில் எறிந்துவிடு என்கிறாள். அவனோ இதில் என்ன சூதோ என்று, தெப்பம் உடையும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. கேட்காமல் வரும் உதவியை நானும் நம்புவதில்லை.

அமெரிக்காவில், சுகர் லேண்ட் என்ற ஊரில் எங்கள் எதிர்வீட்டில் ஓர் அமெரிக்கப் பெண்மணி தனியாக இருந்தார். வாசலில் செருப்புக் குவியல் என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்ததிலிருந்து புகார் கொடுத்தது அவர்தான் என்று எனக்குச் சந்தேகம். அவர் வீட்டு ஜன்னல் திரை அசைந்தாலே, "பாரு, வேவு பார்க்குது" என்பேன்.

ப்ராஜெக்ட் முடித்த வாரமே மழை கொட்டியது. கணவர் வேலையாக பிளானோ என்ற ஊருக்குப் போயிருந்தார். காலையில் தெருவில் கணுக்கால் தண்ணீர். அந்தப் பெண்மணி ஓர் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டோடு கதவைத் தட்டினார். தண்ணீர் இன்னும் ஏறும், குழந்தைக்கு இதைப் போட்டு என் டிரக்கில் வாருங்கள் என்றார். ஜாக்கெட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். முகர்ந்தும் பார்த்தேன். இத்தனை வீடு இருக்க எங்களிடம் மட்டும் ஏன் வருகிறார்? நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போனில் கணவர், "நம்ம கார் இருக்குல்ல? பாஸ்போர்ட், கிரீன் கார்டு ஃபைல எடுத்துட்டு கிளம்பு" என்றார்.

"அம்மா, கார்தான் அந்தக் கதைல வர்ற தெப்பம்" என்றாள் மகள்.

"சும்மா ஏறுடி."

தெருமுனையில் கார் நின்றுவிட்டது. கதவிடுக்கில் தண்ணீர் உள்ளே வந்தது. மகள் அலறினாள். பின்னாலேயே டிரக் வந்தது. அந்தப் பெண்மணி முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து, மகளுக்கு ஜாக்கெட்டை மாட்டித் தூக்கிக்கொண்டார்.

தண்ணீர் வடிந்தபின் ஜாக்கெட்டைத் துவைத்துக் காயவைத்தேன். யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தந்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் ஜாக்கெட்டை வைத்த பையில் ஒரு பொட்டலம் முறுக்கு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"திரும்பிப் பாக்காதம்மா" என்றாள் மகள்.

பார்த்தேன். அவர் வாசலில் நின்று ஒரு முறுக்கை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். முகர்ந்தும் பார்த்தார். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது. கடிதம் யார் வேலை என்று இன்றுவரை தெரியாது. நானாக இருந்தால் அந்த முறுக்கைக் குப்பையில் போட்டிருப்பேன்.

அவர் கடித்தார்.